ஒன்னும் ஆகாது

அக்காவிடமிருந்து அந்தப் படங்கள் வந்தபோது நான் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தேன். ஒரு தாளின் மேல்பாதி ஒரு படம், கீழ்ப்பாதி இன்னொரு படம். அவள் மகனின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். அதற்குக் கீழே ஒரு வரி.

"டாக்டரம்மா, இதைக் கொஞ்சம் பாரேன். வாண்டுக்கு ரெண்டு ஸ்பூன் பால் குடுத்துப் பாக்கலாமா? ஏதாவது ஆகுமா?"

வாண்டு என்பது அவள் மகன். ஐந்து வயது. பிறந்ததிலிருந்து பால் ஒத்துக்கொள்ளாது. டாக்டரம்மா என்பது நான். அந்தப் பட்டத்தைக் கொடுத்தது அக்காவின் கணவர். கிண்டலாகத்தான் ஆரம்பித்தார். அம்மா அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. "என் சின்னவ வெளிநாட்டுல அலர்ஜிக்கு மருந்து கண்டுபிடிக்கிறா" என்று கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். வந்த புதிதில் ஒருமுறை, "அம்மா, நான் ட்யூப் அடுக்கற வேலைதான் பாக்கறேன்" என்று சொன்னேன். "தன்னடக்கம்டி உனக்கு" என்றாள். அதற்குப் பிறகு நான் திருத்தவில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

உண்மையில் என் வேலை இதுதான். உணவு ஒத்துக்கொள்ளாத குழந்தைகளிடம் எடுத்த ரத்தம் சின்னக் குழாய்களில் மேல்மாடியிலிருந்து வரும். நான் வாங்கி, எடுத்த நேரத்தைக் குறித்து, எண் ஒட்டி, மெஷினில் வைத்துச் சுற்றுவேன். சிவப்பு அடியில் தங்கி, மேலே மஞ்சள் நீர் தெளிந்து நிற்கும். அதை உறிஞ்சிச் சுண்டுவிரல் நகம் அளவுக் குப்பிகளில் பிரித்து ஃப்ரீசரில் வைப்பேன். அந்த மஞ்சள் நீரில் இருப்பவற்றை அளப்பது வேறு ஆட்கள். உடம்பின் காவல் செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லிக்கொள்ளும் புரதங்கள் அவை. எங்கள் பேராசிரியர் பெற்றோர்களுக்கு விளக்கும்போது, "சிலது 'வந்துட்டான், அடி அடி'ன்னு கத்தும். சிலது 'போதும், விடு'ன்னு அமத்தும். எந்தக் குழந்தைக்கு எது சத்தமா இருக்குன்னு கேக்கறோம், அவ்வளவுதான்" என்பார். அவர் சொல்வதை நான் குப்பி அடுக்கியபடி பத்து இருபது தடவை கேட்டிருக்கிறேன்.

அக்கா அனுப்பிய தாளில் அதே புரதங்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஏதோ தனியார் லேபில் 'முழு அலர்ஜி பேக்கேஜ்' என்று எடுத்திருக்கிறாள். அவளுடைய குழந்தை மருத்துவர் அதைப் பார்த்துவிட்டு, "இதை ஏன் எடுத்தீங்க? இதை வெச்சு ஒரு முடிவும் பண்ண முடியாது. ஆறு மாசம் கழிச்சு வாங்க, ஆஸ்பத்திரியில நம்ம கண்ணு முன்னாடி சொட்டு சொட்டா குடுத்துப் பாக்கலாம்" என்று சொல்லியிருந்தார். இதையும் அக்கா மறைக்காமல் என்னிடம் சொல்லியிருந்தாள். அவள் அவசரம் வேறு. பள்ளியில் மதியம் அவனைத் தனி மேஜையில் உட்கார வைக்கிறார்கள். பக்கத்துப் பிள்ளையின் பால் அவன் மேல் சிந்திவிடக்கூடாதே என்றுதான். அவன் வீட்டுக்கு வந்து, "நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று கேட்டானாம். அன்றிலிருந்து அக்காவுக்குத் தூக்கமில்லை.

நான் தாளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 'போதும், விடு' என்பது எகிறியிருந்தது. 'அடி அடி' எல்லாம் கீழே கிடந்தன. இரண்டு வாரத்துக்கு முன் கூட்ட அறைக்கு ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனபோது, சுவரில் ஒரு வரைபடம் ஓடிக்கொண்டிருந்தது. பால் பழகிவிட்ட குழந்தைகள் நீலப் புள்ளிகள். அவர்களுக்கு இதே புரதம் உயரத்தில். வாசற்படியில் நின்று ஒரு நிமிடம் பார்த்தேன். எனக்குத் தெரிந்தது அந்த ஒரு நிமிடம்தான்.

ஆனால் வீட்டிலேயே முதலில் பட்டம் வாங்கியவள், சின்ன வயதில் என் கணக்கு நோட்டைத் திருத்திக் காதைத் திருகியவள், என்னிடம் வந்து கேட்கிறாள். 'தெரியவில்லை' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பேருந்து வந்துவிட்டது. கையில் கையுறை. போனை வாயருகே வைத்துப் பேசினேன், அது எழுதியது, அனுப்பிவிட்டு ஏறினேன்.

'ரிப்போர்ட் பார்த்தேன். இப்போ பால் ஒன்னும் ஆகாது அக்கா. பயப்படாதே.'

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் அக்கா கணவரின் அழைப்பு வந்தது. அவர் என்னை நேராகக் கூப்பிடுகிற வழக்கமே கிடையாது. மாடிப்படிக்கு ஓடினேன்.

"நீ என்ன எழுதினன்னு தெரியுமா உனக்கு?" வழக்கமான டாக்டரம்மா இல்லை. "உன்னை நம்பி ரெண்டு ஸ்பூன் குடுத்திருக்கா. அஞ்சே நிமிஷம். உதடு இப்படி வீங்கி, உடம்பெல்லாம் தடிச்சு, இருமி இருமி மூச்சு விட முடியாம... வீட்டுல வெச்சிருந்த அலர்ஜி ஊசியைப் போட்டுத் தூக்கிட்டு ஓடினோம். இப்ப பரவாயில்ல, கண்ணு முழிச்சிட்டான். டாக்டர் கேக்கறாரு, யாரு குடுக்கச் சொன்னதுன்னு. நான் என்ன சொல்லட்டும்?"

"மாமா" என்றேன். அடுத்த வார்த்தைகள் எங்கிருந்து வந்தன என்று எனக்கு இன்று வரை விளங்கவில்லை. யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. கை சுட்டால் இழுத்துக்கொள்வது போல வந்தது.

"நான் 'இன்னும் ஆகாது'ன்னுதான் மாமா சொன்னேன். 'பால் இன்னும் ஆகாது'ன்னு. போன் தப்பா எழுதியிருக்கும். ஐயோ, நான் படிச்சுப் பாக்காம அனுப்பிட்டேன்..."

முதல் எழுத்துதான் வித்தியாசம். பால் இன்னும் ஆகாது என்றால் இன்னும் ஒத்துக்கொள்ளாது. பால் ஒன்னும் ஆகாது என்றால் குடித்தால் ஒன்றும் நேராது. அதற்குப் பின்னால் வரும் 'பயப்படாதே' இரண்டுக்குமே பொருந்தியது. என் பொய்க்காகவே யாரோ தைத்துக் கொடுத்த சட்டை மாதிரி.

அவர் நம்பினார். நம்பாமல் என்ன செய்வார்? என் போன் அப்படித்தான் என்று வீடு முழுக்கத் தெரியும். 'காலையிலிருந்து ஒரே தலைவலி' என்று நான் சொன்னது 'காலையிலிருந்து ஒரே தலைவர்' என்று போய், அவர் 'எந்தக் கட்சி?' என்று பதில் போட்டது குடும்பத்தில் பிரசித்தம். 'இங்கே பயங்கரக் குளிர்' என்றது 'இங்கே பயங்கரக் குயில்' என்று ஆனதை அம்மா உண்மையென்று நினைத்துக்கொண்டு, "பரவாயில்லையே, நல்ல இடமாத்தான் இருக்கு" என்று சந்தோஷப்பட்டாள்.

மாமா பெருமூச்சு விட்டார். போனைக் கையால் பொத்தாமலேயே பக்கத்தில் திரும்பி அக்காவிடம் பேசினார். எல்லாம் எனக்குக் கேட்டது.

"அவ குடுக்காதேன்னுதான் சொல்லியிருக்கா. போன் மாத்தி எழுதிடுச்சாம். ஒரு தடவை கூப்பிட்டுக் கேக்க உனக்கு வாய் இல்லையா? ரெண்டு வார்த்தையைப் பாத்துட்டு பிள்ளை வாயில ஊத்திடுவியா? டாக்டர் வேணாம்னு சொன்னாரு இல்ல?"

அக்கா சொன்ன பதிலும் கேட்டது. "என் தப்புதான். எனக்கு எது வேணுமோ அதைப் படிச்சிட்டேன்."

நான் போனை வைத்தேன். முகம் கழுவினேன். போய் இருபத்திரண்டு குழாய்களைச் சுற்றினேன்.

அதற்குப் பிறகான ஆறு வாரங்களில் நான் யாரிடமும் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சொன்ன ஒன்று போதுமானதாக இருந்தது. அது பாட்டுக்கு வேலை செய்தது. மாமா கெட்டவர் இல்லை, பயந்துபோனவர். காலையில் வேலைக்குப் போகுமுன் மகனின் சாப்பாட்டுப் பெட்டியை அவரே கட்டினார். அக்கா கடையில் எதை வாங்கினாலும் அட்டையின் பின்பக்கத்தைப் படமெடுத்து அவருக்கு அனுப்பி, அவர் சரி என்ற பிறகே பிரிக்க வேண்டும். ஒரு பெரிய அலுவலகத்தில் முப்பது பேரை வேலை வாங்குகிறவள், பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு புருஷனின் பதிலுக்காகக் கடையில் நின்றாள்.

"சிரிப்பா வருதுடி" என்றாள் ஒருநாள் போனில். சிரிக்கவில்லை. "வாண்டு என் கையால வாங்கறதே இல்ல. நேத்து வாழைப்பழத்தை உரிச்சு நீட்டறேன், 'அப்பா வரட்டும்'ங்கறான். வாழைப்பழம்டி! அதுல என்னத்தைக் கலந்துடப் போறேன்?"

"சின்னப் பையன்தானேக்கா. மறந்துடுவான்."

"மறந்துடுவான்" என்று திருப்பிச் சொன்னாள். பிறகு, "நீ மனசுல வெச்சுக்காத. போன் பண்ற கூத்துக்கு நீ என்ன பண்ணுவ? தனியா கிடக்கற, ஒழுங்கா சாப்பிடு" என்றாள்.

அந்த 'ஒழுங்கா சாப்பிடு'வைக் கேட்ட பிறகு நான் அவளைக் கூப்பிடுவதைக் குறைத்தேன். வேலை அதிகம் என்றேன். அம்மா வேறு அழைக்கும்போதெல்லாம், "பெரியவளுக்கு எப்பவும் அவசரம், சின்னதுலேருந்தே" என்று தொடங்குவாள். நான் "உம்" கொட்டுவேன். ஒவ்வொரு "உம்"மும் நான் தெரிந்தே கொட்டியது.

ஏழாவது வாரம் வேலையில் ஒரு தப்பு செய்தேன். சின்னத் தப்பு. மேல்மாடியிலிருந்து வந்த குழாய்களில் ஒன்றை ஜன்னலோரம் கையுறைப் பெட்டிக்குப் பின்னால் வைத்து மறந்துவிட்டேன். எடுத்ததிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் சுற்றிவிட வேண்டும். கண்ணில் பட்டபோது நாலு மணி நேரம் தாண்டியிருந்தது. ரத்தம் எடுக்கும் நர்ஸ் காலிப் பெட்டியை வாங்க வந்திருந்தார். நான் உடனே சொல்லிவிட்டேன்.

"அடிப்பாவி!" என்றார். "அந்த நாலு வயசு வாயாடி தெரியுமா? இந்த மூணு மில்லிக்காக என் கையைக் கடிச்சு வெச்சிருக்கா, பாரு, பல்லு பதிஞ்சிருக்கு. நீ என்னடான்னா அதை வெயில் காய வெச்சிருக்க!"

"ரத்தம் கெட்டுப்போன மாதிரி தெரியலையே. சுத்திப் பாத்தா ஆகாதா?"

"கெட்டெல்லாம் போகல. அதான் வம்பே. உள்ள செல்லெல்லாம் உயிரோடதானே இருக்கு. ஆளில்லாத வீட்டுல டிவி ஓடற மாதிரி அது பாட்டுக்கு எதையாவது பேசிக்கிட்டே இருக்கும். நீ அதை அளந்தா வர்ற நம்பர் அந்தப் பொண்ணோடது இல்ல, இந்த ஜன்னலோடது." குழாயை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டுக் கழிவுப் பெட்டியில் போட்டார். "படிவத்துல எழுதிடு. அவங்க அம்மாவை நான் திரும்பக் கூப்பிடறேன். இந்தத் தடவை கடிச்சா உன் கையைத்தான் நீட்டுவேன்."

படிவம் எழுதினேன். எடுத்த நேரம், வந்த நேரம், கண்டுபிடித்த நேரம். யாரால் நேர்ந்தது என்ற கட்டத்தில் என் பெயர். கையெழுத்து. மொத்தம் நாலு நிமிடம். யாரும் என்னைத் திட்டவில்லை. அந்தக் குழந்தைக்கு இன்னொரு குத்து, அவ்வளவுதான்.

பேனாவை மூடும்போது அக்காவின் தாள் நினைவுக்கு வந்தது. கையுறையைக் கழற்றி, போனில் பழைய படங்களைத் தேடினேன். மேல்பாதி. பெயர், வயது, அதற்கு அடுத்த வரி. மாதிரி எடுத்த நேரம் காலை பத்து பத்து. லேபுக்கு வந்து சேர்ந்த நேரம் மாலை ஐந்து நாற்பது.

ஏழரை மணி நேரம். வாண்டின் ரத்தம் யாருடைய பையிலோ, எந்த வண்டியின் பெட்டியிலோ ஒரு பகல் முழுக்கக் கிடந்திருக்கிறது. நான் பெரிதாக்கிப் பார்த்த 'போதும், விடு' அவன் உடம்பு சொன்னதா, அந்தப் பை சொன்னதா, யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியாத விஷயத்தில் வாய் விட்டேன் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். இது அப்படிக்கூட இல்லை. குழாய் கைக்கு வந்ததும் நேரத்தைப் பார்ப்பது. உலகத்தில் எனக்கு ஒழுங்காகத் தெரிந்த ஒரே வேலை அது. தினமும் நாற்பது தடவை செய்கிறேன். அக்கா பிள்ளையின் தாளில் மட்டும் அதைப் பார்க்கவில்லை. நேராகக் கீழே போய் விஞ்ஞானி ஆகிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டேன். எனக்குக் காலை, அவர்களுக்குச் சாப்பாடு முடிந்த நேரம். மாமா வீட்டில் இருப்பார் என்று தெரிந்துதான் கூப்பிட்டேன்.

"மாமாவையும் பக்கத்துல உக்காரச் சொல்லு, ஸ்பீக்கர்ல போடு" என்றேன்.

"என்னடி, கல்யாணம் எதாவது முடிவு பண்ணிட்டியா?" என்றாள் அக்கா. மாமா எங்கிருந்தோ, "குயில் ஏதாவது கிடைச்சிருச்சோ என்னமோ!" என்றார். அவர் குரலில் வெகுநாள் கழித்துச் சிரிப்பு இருந்தது. அதைக் கலைக்கப் போகிறோமே என்று இருந்தது.

"போன் தப்பா எழுதல" என்றேன்.

"எது?"

"நான் 'ஒன்னும் ஆகாது'ன்னுதான் சொன்னேன். போன் சரியாத்தான் எழுதுச்சு. அக்கா சரியாத்தான் படிச்சா. 'இன்னும்'னு சொன்னதா அப்புறம் நான்தான் கட்டிவிட்டேன். பயந்து."

மாமா, மெதுவாக, "உனக்கு எப்படித் தெரியும் ஒன்னும் ஆகாதுன்னு? நீ அங்க அதைத்தானே பாக்கற?" என்றார். அந்த நிமிடத்தில்கூட அவர் குரலில் என் மேல் ஒரு மரியாதை மிச்சம் இருந்தது.

"இல்ல மாமா. நான் ட்யூபைச் சுத்தி ஃப்ரீசர்ல வெக்கறவ. ரிப்போர்ட் படிக்கத் தெரியாது எனக்கு. தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்."

"அப்போ அந்தத் தாள்ல என்னதான்டி இருந்துச்சு?" அக்கா.

"தெரியாதுக்கா. ரத்தம் ஏழரை மணி நேரம் வெளியில கிடந்திருக்கு. அதுல இருக்கறது அவனைப் பத்தினதே இல்லாம இருக்கலாம். நேரம் மேலேயே போட்டிருக்கு. நான் பாக்கல."

அக்கா அழுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கணக்குப் போடுவது போலப் பேசினாள்.

"ஆறு வாரம், ரெண்டு நாள். அவனுக்கு நான் ஒரு வாய் ஊட்டல. பாத்ரூம்ல உக்காந்து அந்த மெசேஜை எத்தனை தடவை படிச்சிருப்பேன் தெரியுமா? என் கண்ணுல ஏதாவது கோளாறான்னு கண் டாக்டர்கிட்டகூட நேரம் வாங்கினேன். நீ 'மறந்துடுவான்'னு சொன்ன. 'சின்னப் பையன்தானேக்கா'ன்னு சொன்ன. அப்பவும் உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"அம்மா என்னைச் சொல்றப்ப?"

"தெரியும்."

"நான் உன்னைச் சாப்பிடச் சொன்னேன்டி" என்றாள். அதற்கு மட்டும் குரல் உடைந்தது. நாற்காலி இழுபடும் சத்தம். எழுந்து போய்விட்டாள்.

மாமா போனை ஸ்பீக்கரிலிருந்து மாற்றினார் போல; குரல் கிட்டத்தில் வந்தது. "அவளை நான் என்னென்ன சொன்னேன்னு உனக்குத் தெரியுமா?" என்றார். கோபம் என் மேல் மட்டும் இல்லை. பதில் எதிர்பார்க்காமல், "அத்தைகிட்ட நீயே சொல்லிடு. நான் சொன்னா நல்லா இருக்காது" என்று வைத்துவிட்டார்.

அம்மாவிடம் சொன்னேன். அது இன்னும் கடினமாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ மருந்து கண்டுபிடிக்கலையா நீ?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். "சரி. பக்கத்து வீட்டுல சொல்லிட்டேன். போகட்டும்" என்றாள். அந்தப் 'போகட்டும்' எனக்கா, பக்கத்து வீட்டுக்கா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

அக்கா பதினோரு நாள் கூப்பிடவில்லை. நான் அனுப்பிய எதற்கும் பதில் இல்லை. பார்த்ததற்கான குறி மட்டும் விழும்.

பன்னிரண்டாம் நாள் நான் வேலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தபோது வீடியோ அழைப்பு வந்தது. எடுத்தேன். திரையில் கூரையும், மின்விசிறியின் பாதியும், அலமாரியின் ஒரு மூலையும் தெரிந்தன. போனை மேஜையில் படுக்க வைத்திருக்கிறாள். "அக்கா" என்றேன். கிண்ணத்தில் கரண்டி உரசும் சத்தம்.

"ஆ காட்டு."

"இதுல பால் இருக்கா?" வாண்டின் குரல்.

"இல்லடா."

"அப்பா பாத்தாரா?"

"நான் பாத்தேன். அட்டையை ரெண்டு தடவை படிச்சேன்."

நான் மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றேன். பின்னால் வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு இறங்கினார்கள். பிறகு மெல்லும் சத்தம் கேட்டது.

"சூடா இருக்கு" என்றான் வாய் நிறைய.

"ஊதித்தானேடா குடுத்தேன், பொய் சொல்லாத." கரண்டி மறுபடி கிண்ணத்தில் பட்டது. அக்காவின் குரல் போன் பக்கம் திரும்பியது. முகம் தெரியவில்லை.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சுக்கா."

"சரி. வெச்சிடறேன்."